கணினி அறையின் சாவி யாரிடம்?

கேள்வி: என் மகன் ஐந்தாம் படிவ அரசாங்கத் தேர்வான எஸ்.பி.எம்.-இல் நல்ல தேர்ச்சி பெற்றவன். பாயான் லெப்பாஸில் அலுவலக உதவியாளர் வேலைக்கு நேர்காணலுக்குப் போனான். பொருள் விலைப் பட்டியல் ஒன்றை எக்செலில் தட்டிக் கூட்டிக் காட்டச் சொன்னார்களாம். கூட்டுத்தொகை பூஜ்யம் என்றே வந்ததாம். 11 வருடம் அரசாங்கப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு இதுகூடத் தெரியாதா? இவன் தங்கை மூன்றாம் படிவத்தில் இருக்கிறாள். அவளை மாதம் 250 வெள்ளி (ரிங்கிட்) கட்டி கோடிங் வகுப்பில் சேர்க்கட்டுமா? (ஒரு தாய், பிறை)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பணத்தை நான்கு மாதம் சேர்த்து ஒரு பழைய மடிக்கணினி வாங்குங்கள். 8 ஜிபி ராம் (நினைவகம்), 256 ஜிபி எஸ்.எஸ்.டி. (சேமிப்பகம்) போதும். பிராசஸர் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்தது. எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சில்லுகளைப் பெரும்பாலும் விண்டோஸ் 11 ஏற்பதில்லை. கடைக்காரர் "எல்லாம் ஓடும்மா" என்பார். ஓடும், எத்தனை நாளைக்கு என்பதுதான் விஷயம்.

மகன் எங்கே தடுக்கி விழுந்தான் என்று ஊகிக்க முடிகிறது. விலைக் கட்டத்தில் ‘45.60 வெள்ளி’ என்று எண்ணோடு சொல்லையும் சேர்த்துத் தட்டியிருப்பான். எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது, வெறும் எழுத்தாகத்தான் பார்க்கும். கட்டத்தின் இடப்பக்கமாக ஒட்டி நிற்பதே அடையாளம். உண்மையான எண் வலப்பக்கம் போய் நிற்கும். எழுத்தைக் கூட்டினால் பூஜ்யம்தான். எண்ணை மட்டும் தட்டிவிட்டு, வெள்ளிக் குறியீட்டைக் கட்டத்தின் வடிவமைப்பில் போட வேண்டும். ஐந்து நிமிடப் பாடம். 11 வருடத்தில் அந்த ஐந்து நிமிடம் ஏன் கிடைக்கவில்லை என்ற உங்கள் கோபம் நியாயமானது.

பணம் இல்லாததால் கிடைக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1990களின் இறுதியில் ‘செகோலா பெஸ்தாரி’ என்ற கணினிவழிப் பள்ளித் திட்டம் வந்தது. 2011-ல் 1பெஸ்தாரிநெட் திட்டம், 10,000 பள்ளிகளுக்கு இணையமும் மெய்நிகர் கற்றல் தளமும் தருவதாக. 2013-ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை அந்தத் தளத்தின் பயன்பாட்டைப் பார்த்தபோது அது 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. 2019-ல் திட்டத்தை மூடினார்கள். 2020-ல் கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமா, 2023 நவம்பரில் டிஜிட்டல் கல்விக் கொள்கை. வாங்கியதை எண்ணுவதில் நாம் கெட்டிக்காரர்கள். எத்தனை பிள்ளை எத்தனை மணி நேரம் விசைப்பலகையில் கை வைத்தது என்பதை மட்டும் யாரும் எண்ணுவதில்லை.

பல பள்ளிகளில் கணினி அறை இருக்கிறது, பூட்டியும் இருக்கிறது. ஆசிரியரைத் திட்டுவதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு கணினியும் அரசாங்கச் சொத்துப் பதிவேட்டில் ஏறிய பொருள். மவுஸ் காணாமல் போனாலும் விளக்கம் எழுதவேண்டியவர் பொறுப்பாசிரியர். அவருக்கு வகுப்புகள் குறைவதில்லை, புறப்பாடப் பொறுப்பும் போவதில்லை. பூட்டி வைத்தால் எதுவும் உடையாது.

அறையைத் திறந்தாலும் பாடம் தொடங்குவதில்லை. அரை மணி நேரப் பாடவேளையில் கடவுச்சொல் மறந்த பிள்ளைகளின் டெலிமா கணக்கை மீட்பதற்கே பத்து நிமிடம் போகும். பிறகு நாலைந்து கணினிகளில் எந்த இணையதளமும் திறக்காது, ‘பாதுகாப்பற்ற இணைப்பு’ என்று வரும். எல்லோரும் இணையச் சேவையைச் சபிப்பார்கள். திரையின் வலது கீழ் மூலையைப் பாருங்கள்: தேதி பத்து வருடம் பின்னால் இருக்கும். தாய்ப்பலகையில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி செத்துவிட்டது. அணைத்துப் போட்டால் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடுகிறது. தேதி தவறாக இருந்தால் இணையதளத்தின் சான்றிதழைக் கணினி நம்பாது. பேட்டரி சில வெள்ளிதான், மாற்றப் பத்து நிமிடம். ஆனால் அதற்குத் தொழில்நுட்பர் வர வேண்டும், அவர் வேறு பள்ளிகளையும் பார்ப்பவராக இருப்பார். அதுவரை அந்தக் கணினிகள் ‘பழுது’ கணக்கில் கிடக்கும்.

இன்னொரு கொடுமை உண்டு. வைரஸ் தங்கக்கூடாது என்று, மறுபடி இயக்கும்போது எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பும் மென்பொருளைப் போட்டிருப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். மாணவி டெஸ்க்டாப்பில் சேமித்த வேலையும் அதோடு அழிந்துவிடும். அடுத்த வாரம் வெற்றுத் திரையைப் பார்க்கும் பிள்ளை தன்மீதே தவறு என்று நினைத்துக்கொள்ளும். மென்பொருள் தொடாத தனி டிரைவிலோ டெலிமா கணக்கிலோ சேமிக்கச் சொல்லிக்கொடுத்தால் முடிந்தது. இணையம் படுத்துவிட்டால்? ஸ்க்ராட்ச், பைத்தான் என்ற நிரல் மொழிகள் இரண்டும் இணையமே இல்லாமல் ஓடும். முன்கூட்டியே நிறுவியிருக்க வேண்டும், அவ்வளவே.

பாடத்திட்டத்தையும் சொல்ல வேண்டும். 2017-ல் வந்த இடைநிலைப்பள்ளிக் கலைத்திட்டத்தில் அடிப்படைக் கணினி அறிவியல் இருக்கிறது. ஸ்க்ராட்சில் தொடங்கி மூன்றாம் படிவத்தில் பைத்தான் வரை போகிறது. ஏட்டில் குறையில்லை. ஆனால் அதை எடுத்தால் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடம் கிடையாது, இதுவா அதுவா என்ற நிலை. கணினி ஆசிரியர் இல்லாத பள்ளி எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்லவா வேண்டும்? நான்காம் படிவத்தில் கணினி அறிவியல் விருப்பப்பாடம். அங்கேயும் எழுத்துத் தேர்வில் நிரலைக் காகிதத்தில் எழுதுகிறார்கள். காகிதம் பிழை காட்டாது; மனப்பாடம் செய்தவனும் தப்பிவிடுவான்.

வாசிப்பு இதைவிட ஆழமான ஓட்டை. 15 வயது மாணவர்களுக்கான பன்னாட்டுத் தேர்வான பீசாவில், 2022-ல் மலேசிய மாணவர்கள் வாசிப்பில் பெற்றது 388, கணிதத்தில் 409. 2018-ல் இவை 415, 440. பிழைச் செய்தி திரையில் தெளிவாகத்தான் வருகிறது. நம் பிள்ளை படிக்காமல் மூடிவிட்டு "சார், ஓடலை" என்கிறான். எந்த கோடிங் வகுப்பும் இதற்கு மருந்தாகாது.

பெற்றோரையும் விட்டுவைக்கப் போவதில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் சிற்றுண்டிச்சாலை விலைக்காக முக்கால் மணி நேரம் சண்டை நடக்கிறது. கணினி அறையின் பயன்பாட்டுப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்று கேட்டவர் எத்தனை பேர்? கேளுங்கள். ஓடும் கணினி எத்தனை, மூன்றாம் படிவ வகுப்பு கடைசியாக எந்தத் தேதியில் உள்ளே போனது என்றும் கேளுங்கள். ‘விரைவில் ஆவன செய்யப்படும்’ என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிறு பழுதுகளுக்குச் சங்கமே பணம் தரத் தயார் என்று எழுத்தில் கொடுத்தால் பள்ளி முதல்வருக்கும் துணிவு வரும்.

மகள் விஷயம் அவசரமானது. ஆண்டு இறுதியில் நான்காம் படிவப் பாடத் தொகுப்புக்கான பாரம் வரும். கண்ணை மூடிக் கையெழுத்துப் போடாதீர்கள். கணினி அறிவியல் தங்கள் பள்ளியில் இல்லையென்றால், விரும்பும் மாணவர்களின் பெற்றோர் சேர்ந்து இப்போதே கேளுங்கள். பத்துப் பெயர் கொண்ட கடிதத்தை எளிதில் தட்டிக்கழிக்க முடியாது. அது கிடைக்காவிட்டாலும் கூடுதல் கணிதத்தை விடாதீர்கள். பல கணினித் துறைப் பட்டப்படிப்புகளில் அதில் கிரெடிட் தேர்ச்சி கேட்பதுண்டு. இடம் வேண்டுமென்றால் தமிழை விடுங்கள் என்று யாராவது சொன்னால், கூடுதல் பாடமாக எழுதிக்கொள்வோம் என்று சொல்லிவிடுங்கள்.

மகனை ஒரு வருட மின்கட்டணப் பில்களை எக்செலில் ஏற்றச் சொல்லுங்கள்: மாதம், யூனிட், தொகை. சராசரி, அதிகச் செலவான மாதம், ஒரு வரைபடம். அடுத்து அதே கோப்பை பைத்தானில் திறந்து அதே சராசரியை எடுக்கட்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் காரணத்தை அவனே தேடட்டும். பிறகும் ஆர்வம் இருந்தால் ‘42 பினாங்கு’ என்ற நிரலாக்கப் பள்ளி இருக்கிறது. 18 வயது நிரம்பியிருந்தால் போதும், கட்டணம் இல்லை, எஸ்.பி.எம். முடிவும் பார்ப்பதில்லை. ஆனால் நான்கு வாரத் தேர்வுப் பயிற்சி முழுநேரம்; வேலைக்குப் போய்க்கொண்டே செய்ய முடியாது. அந்த ஒரு மாதச் சம்பளம் இல்லாமல் வீடு சமாளிக்குமா என்று பார்த்துவிட்டு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.