அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி

கேள்வி: பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்க ஆரம்பித்திருக்கிறேன். ஒரு ஸ்ட்ரிங்கில் (எழுத்துத் தொடரில்) அடைப்புக்குறிகள் ஒன்றுக்குள் ஒன்றாக எவ்வளவு ஆழம் போகின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும். ‘(’ எத்தனை என்று எண்ணினேன். (க(ச)(ட(த))) என்பதற்கு எனக்கு 4 வருகிறது. சரியான விடை 3. எங்கே தப்பு?

பதில்: எண்ணியதில் தப்பில்லை, எண்ணிய பொருள்தான் வேறு. மொத்தம் எத்தனை படி ஏறினீர்கள் என்பது ஒன்று, எந்த உயரம் வரை போனீர்கள் என்பது இன்னொன்று. நடுவில் இறங்கியதை உங்கள் நிரல் கண்டுகொள்ளவே இல்லை.

கம்ப்யூட்டரை மூடிவிட்டு ஒரு தாளை எடுங்கள். (புதிதாகக் கற்பவர்கள் தாளைத் தொடுவதே இல்லை. எனக்கு இது பெரிய குறை.) ஆழம் 0 என்று தொடங்குங்கள். ‘(’ வந்தால் ஒன்று கூட்டுங்கள், ‘)’ வந்தால் ஒன்று கழியுங்கள், எழுத்து வந்தால் சும்மா தாண்டிப் போங்கள். உங்கள் ஸ்ட்ரிங்குக்கு 1, 2, 1, 2, 3, 2, 1, 0 என்று வரும். இதில் பெரியது 3. அதுதான் விடை.

நிரலில் இதற்கு இரண்டு மாறிகள் போதும்: இப்போதைய ஆழம், இதுவரை கண்ட அதிக ஆழம். ‘(’ வந்ததும் முதலில் கூட்டிவிட்டு, அப்புறம் ஒப்பிடுங்கள். வரிசையை மாற்றினால் விடையில் ஒன்று குறையும்.

அடுத்து எப்படியும் ‘அடைப்புகள் சரியாக மூடியிருக்கின்றனவா’ என்ற கணக்கு வரும். கடைசியில் 0 வந்தால் சரி என்று முடித்துவிடாதீர்கள். ())( என்பதைப் போட்டுப் பாருங்கள்: 1, 0, -1, 0. முடிவு 0தான், ஆனால் திறக்காத அடைப்பை மூன்றாவது குறி மூடுகிறது. மைனஸ் வந்த இடத்திலேயே ‘தவறு’ என்று சொல்லி நிறுத்திவிட வேண்டும்.

சதுர அடைப்பும் சேர்ந்தால் எண்ணிக்கை கைகொடுக்காது. ([)] என்பதில் இரண்டு வகைக்கும் தனித்தனியாக எண்ணினாலும் கணக்கு நேராகும், மைனஸும் வராது. ஆனாலும் அது தவறு: உள்ளே திறந்த [ மூடுவதற்கு முன்பே ) வந்துவிடுகிறது. அங்கே ஸ்டாக் வேண்டும், அதாவது கடைசியில் வைத்ததை முதலில் எடுக்கும் அடுக்கு. திறப்பவற்றை ஒரு லிஸ்டில் அப்பெண்ட் செய்யுங்கள் (கடைசியில் சேருங்கள்); மூடும் குறி வந்தால் பாப் செய்து (கடைசியில் இருப்பதை எடுத்து), ஜோடி பொருந்துகிறதா என்று பாருங்கள். காலி லிஸ்டில் பாப் செய்தால் பைத்தான் எர்ரர் காட்டும், அதனால் முன்கூட்டியே சோதித்துவிடுங்கள். முடிவில் லிஸ்டில் ஏதாவது மிச்சமிருந்தால் அதுவும் தவறுதான்; (( போட்டால் தெரியும்.