துபாய் வெயிலுக்கு எந்தக் கூரை?

கேள்வி: துபாயில் வேலை பார்க்கிறேன். பத்து வருஷத்து ஆசை, செகண்ட் ஹேண்டில் ஒரு கார்வெட் (செவர்லே கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் கார்) வாங்கப் போகிறேன். இரண்டு சி8 (எட்டாம் தலைமுறை கார்வெட்) பார்த்து வைத்திருக்கிறேன், இரண்டுமே 2021 மாடல், விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். கழற்றி மாட்டும் கூரை மட்டும் வேறு. ஒன்றில் வண்டியின் நிறத்திலேயே பெயின்ட் அடித்தது, இன்னொன்றில் உள்ளிருந்தே வானம் தெரிகிற டிரான்ஸ்பரன்ட் கூரை. என் மனைவிக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. "யு.வி. கதிரை முழுசாகத் தடுத்துவிடும் சார், சூடே தெரியாது" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: யு.வி. வரைக்கும் நம்பலாம். அந்தக் கூரை கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் என்கிற பிளாஸ்டிக். அது யு.வி.யை நன்றாகவே தடுக்கும். ஆனால் நம் மேல் விழுகிற வெயிலின் ஆற்றலில் யு.வி.யின் பங்கு சுமார் 5 சதவீதம்தான். ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, மீதி வெளிச்சம். அந்த இரண்டிலும் நல்ல பங்கு உள்ளே இறங்கி, கறுப்பு சீட்டிலும் உங்கள் உச்சந்தலையிலும் வந்து உட்காரும். விற்பவர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம், துபாய் இருக்கும் இடம். 25 பாகை வட அட்சரேகை. ஜூன் கடைசியில் நடுப்பகல் சூரியன் நேர் உச்சியிலிருந்து இரண்டு பாகைகூடத் தள்ளி இருக்காது. அதாவது முன்கண்ணாடியும் பக்கக் கண்ணாடியும் ஓரளவு தப்பித்துக்கொள்ளும், அடி முழுக்கக் கூரைக்குத்தான். இந்த வண்டியிலோ கூரைக்கும் தலைக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளிதான் இருக்கிறது.

நண்பர் ஒருவரிடம் இதே மாதிரி டிரான்ஸ்பரன்ட் கூரையோடு சி6, அதாவது ஆறாம் தலைமுறை கார்வெட், ஒன்று இருந்தது. ஆகஸ்ட் மாதம், மதியச் சாப்பாட்டுக்கு ஷார்ஜா போனோம். ஏசி முழு வேகத்தில் ஓடுகிறது, முழங்கால் இரண்டும் ஜில்லென்று இருக்கின்றன, தலை மட்டும் தோசைக்கல். அவர் டேஷ்போர்டிலிருந்து ஒரு கிரிக்கெட் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, எனக்கும் ஒன்று நீட்டினார். காருக்குள்ளே தொப்பி போட்டுக்கொண்டு போன ஒரே பயணம் அதுதான். அப்புறம் உள்பக்கம் ஒரு துணி மறைப்பு வாங்கி மாட்டினார், அது ஒரே மாசத்தில் தொய்ந்து போய் முடியை உரசிக்கொண்டே வந்தது.

ஆகவே, பெயின்ட் அடித்த கூரை உள்ள வண்டியையே எடுங்கள். மாட்டிய நிலையிலும் வெளிச்சம் வேண்டும் என்கிற ஊர்களுக்குத்தான் டிரான்ஸ்பரன்ட் கூரை பொருத்தம். குளிரில் கழற்ற முடியாது, வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தாலே சந்தோஷம். துபாயில் கதை தலைகீழ். இங்கே கூரையை மாட்டுவதே வெயிலுக்கு ஒதுங்கத்தான். நவம்பரிலிருந்து மார்ச் வரை, அதுவும் சாயங்காலத்தில், எந்தக் கூரையாக இருந்தாலும் கழற்றி பின்பக்க டிக்கியில் வைத்துவிட்டுப் போகப் போகிறீர்கள், அப்போது வானம் தாராளமாகத் தெரியும். (டிக்கியில் கூரை ஏறிவிட்டால் பெட்டிக்கு இடம் இருக்காது. ஏர்போர்ட்டுக்கு மாமனாரை அழைக்கப் போகும்போது நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.) வீட்டம்மாவுக்கு ஆசை விடவில்லை என்றால் புது வண்டி வாங்குகிறவர்கள் செய்வது போல இரண்டு கூரையும் வைத்துக்கொள்ளலாம், தொழிற்சாலையிலிருந்தே அப்படி இரட்டையாகக் கொடுத்திருக்கிறார்கள், செகண்ட் ஹேண்டில் தனியாகவும் கிடைக்கும், ஆனால் உங்கள் வண்டியில் மாட்டி, எல்லா விளிம்பும் பொருந்துகிறதா என்று பார்க்காமல் பணத்தை நீட்டாதீர்கள்.

பெயின்ட் அடித்தது என்பதாலேயே கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிட வேண்டாம். 2005, 2006 மாடல் சி6 கார்களை அமெரிக்காவில் திரும்ப அழைத்துச் சரிசெய்தார்கள் (ரீகால் என்பார்கள்), அது பெயின்ட் அடித்த கூரைக்காகத்தான். கூரையின் மேல்தகடு அடியில் இருக்கும் சட்டத்தோடு பசையால் ஒட்டப்பட்டிருந்தது. சூடும் ஈரப்பதமும் சேர்ந்தால் சில இடங்களில் அந்த ஒட்டு விட்டுப்போகலாம் என்று கண்டுபிடித்தார்கள். சூடும் ஈரப்பதமும் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது நம்ம துபாய் ஆகஸ்ட்தான். சி8-க்கு அந்தக் கோளாறு என்று நான் சொல்லவில்லை, ஆனால் அப்போது சொன்ன அறிகுறிகள் எந்த வருஷ வண்டிக்கும் நல்ல பரிசோதனை: வேகத்தடையில் ஏறி இறங்கும்போது மேலே படக்கென்று சத்தம் வருகிறதா, கதவைச் சாத்தும்போது கூரை துள்ளுகிறதா, காற்றுச் சத்தம் அதிகமா, உள்கூரைத் துணியில் தண்ணீர்க் கறை இருக்கிறதா.

பார்க்கப் போவது சாயங்காலம் வேண்டாம். மதியம் ஒரு மணிக்குப் போங்கள், வண்டியை வெயிலில் அரை மணி நேரம் நிறுத்தச் சொல்லிவிட்டு மனைவியையும் உட்கார வைத்து ஓட்டிப் பாருங்கள், பாதி விவாதம் அங்கேயே முடிந்துவிடும். கூரையை நீங்களே ஒருமுறை கழற்றி மாட்டுங்கள், விற்பவர் கை படக்கூடாது. ரப்பர் பீடிங்கில் மணலோ வெடிப்போ இருந்தால் விலையில் குறைக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த வண்டி என்றால் 17 எழுத்து சேசிஸ் நம்பரை அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் இணையதளத்தில் போட்டால், சரிசெய்யாமல் விட்ட ரீகால் ஏதாவது இருக்கிறதா என்று இலவசமாகவே தெரியும். அங்கே இடிபட்டு ஏலத்தில் போய், இங்கே பட்டி பார்த்து பெயின்ட் அடித்து நிற்கிற வண்டிகளும் உண்டு, அதனால் பழைய ஜாதகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: நான் அரிசோனா, ஃபீனிக்ஸில் இருக்கிறேன். சி7 வாங்கியாகிவிட்டது, டிரான்ஸ்பரன்ட் கூரையோடு! இப்போது சன் ஃபிலிம் ஒட்டினால் சரியாகிவிடுமா?

பதில்: 2023-இல் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரி செல்சியஸைத் தொட்ட ஊர் உங்களுடையது, உங்கள் அவசரம் புரிகிறது. ஆனால் ஜன்னல் கண்ணாடிக்கு ஒட்டுகிற ஃபிலிமை இதன்மேல் ஒட்டிவிடாதீர்கள். பாலிகார்பனேட் சூடானால் உள்ளிருந்து வாயு கசியும், அது ஃபிலிமுக்கு அடியில் மாட்டிக்கொண்டு அம்மைக் கொப்புளம் மாதிரி எழும்பும். பாலிகார்பனேட்டுக்கென்றே வருகிற ஃபிலிம் உண்டு, ஒட்டுகிறவர் அதைத்தான் ஒட்டுகிறேன் என்று பில்லில் எழுதித் தரட்டும். அதைவிட, சட்டத்தோடு கச்சிதமாக உட்காரும் கெட்டியான மறைப்புப் பலகை வாங்கி, வெள்ளிப் பக்கம் மேலே இருக்கும்படி மாட்டுவது உத்தமம். குளிர்காலத்தில் கழற்றி வைத்துவிடலாம்.

கண்ணாடி துடைக்கிற திரவத்தைக் கிட்டவே கொண்டுபோக வேண்டாம். அதிலிருக்கும் அமோனியாவோ ஆல்கஹாலோ பட்டால் பிளாஸ்டிக்கில் மயிரிழை போல வெடிப்பு விடும். மேலே சொன்ன நண்பரின் கூரையில், சூரியன் சாயும்போது மட்டும், சிலந்தி வலை மாதிரி ஒரு பின்னல் தெரியும், மூன்று வருஷம் நீலத் திரவம் அடித்துத் துடைத்ததன் பலன். லேசான சோப்புத் தண்ணீர், மைக்ரோஃபைபர் துணி, போதும். கீறலைப் பாலிஷ் போட்டு எடுக்கிறேன் என்று யாராவது வந்தாலும் விடாதீர்கள், மேல் பூச்சு தேய்ந்துவிட்டால் சீக்கிரம் மஞ்சளடிக்கும்.

கேள்வி: கார்பன் ஃபைபர் கூரை வெயிலுக்கு நல்லதா?

பதில்: அழகுக்கு நல்லது. நெசவு தெரிகிற கார்பன் ஃபைபர் கறுப்பாகத்தான் இருக்கும், கறுப்பு வெயிலைக் குடிக்கும், மேலே பூசிய கிளியர் கோட் என்கிற நிறமில்லாத பூச்சு வருஷக்கணக்கில் வெயிலில் கிடந்தால் மங்கும். நிழலில் நிறுத்த இடம் இருந்தால் வாங்குங்கள். வெள்ளை வண்டிக்கு வெள்ளைக் கூரையே போதும் என்றால் அந்தக் காசு மிச்சம்.