நுவரெலியாவுக்கு ஏற்றப் போகும் பழைய மொரிஸ் மைனர்: டயரில் பள்ளம் நன்றாக இருக்கிறதே, அப்படியே ஓட்டலாமா?

கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: கம்பளையில் பல வருடம் கொட்டகைக்குள் நின்ற மொரிஸ் மைனர் 1000 ஒன்றை வாங்கியிருக்கிறார். டயர்கள் பார்வைக்குப் புதிது போல இருக்கின்றன, தரையில் படும் பகுதியின் பள்ளக் கோடுகளும் ஆழமாகவே உள்ளன. "இதை ஏன் மாற்றுறீங்க அண்ணே, இன்னும் தேயவே இல்லையே" என்று கராஜில் சொல்லிவிட்டார்களாம். ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஓட்டிப் போகலாமா என்கிறார்.

தேயாமல் இருப்பதுதான் எனக்குச் சந்தேகம். தினமும் ஓடும் காரின் டயர் தேய்ந்து சாகும். கொட்டகைக் காரின் டயர் வயதாகித்தான் சாகும். அது வெளியே தெரியாது.

ஆகவே முதலில் தேதியைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். சில டயர்களில் இது உட்பக்கம் இருக்கும், டார்ச் பிடித்துக் காருக்கு அடியில் படுக்க வேண்டும். மூன்று இலக்கம்தான் இருக்கிறதா? அது 2000க்கு முந்திய டயர், மேற்கொண்டு பார்க்க ஒன்றுமில்லை, கழற்றிவிடுங்கள். என் கணக்கு, ஐந்து வருடம் தாண்டினால் வருடா வருடம் நன்றாகச் சோதிப்பது, பத்து தாண்டினால் எவ்வளவு அழகாக இருந்தாலும் விடுவது.

அடுத்தது ரப்பர். டயருக்குள் கலந்திருக்கும் மெழுகு, ஓடும்போது நசுங்கி நசுங்கி மேலே வந்து ரப்பரைக் காற்றிலுள்ள ஓசோனிடமிருந்து காக்கும். நிற்கும் காரில் அது வராது, வெடிப்பு விழும். அதோடு உள்ளே இருக்கும் எண்ணெய்ப்பசை குறைந்து ரப்பர் இறுகிவிடும். இறுகிய ரப்பர் தார் ரோட்டின் சிறு மேடுபள்ளங்களுக்குள் அமுங்கிப் பிடிக்காது, மேலால் வழுக்கிக்கொண்டு போகும். கட்டை விரல் நகத்தால் தரையில் படும் பகுதியை அழுத்துங்கள். கொஞ்சமாவது அமுங்கி மீள வேண்டும். பிறகு டயர் கடையில் புதிய டயர் ஒன்றையும் அழுத்திப் பாருங்கள், வித்தியாசம் கைக்கே தெரிந்துவிடும். கடினம் அளக்கும் டியூரோமீட்டர் யாரிடமாவது கிடைத்தால் இன்னும் நல்லது. புதிய கார் டயர் ஷோர் ஏ அளவில் ஏறக்குறைய 60 முதல் 70 காட்டும், 80 தாண்டிய டயரோடு மழையில் மலை இறங்க நான் வரமாட்டேன்.

வெடிப்பு பார்க்கும் முன் டயரைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். விற்கிறவர்கள் கறுப்புப் பாலிஷ் அடித்திருப்பார்கள், அது எல்லாவற்றையும் மூடிவிடும். ஜக் அடித்துச் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே பள்ளங்களின் அடியையும், பக்கவாட்டு ரிம்மைத் தொடும் இடத்தையும் பாருங்கள். எங்காவது புடைத்திருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

பள்ளத்தின் ஆழம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பல நாடுகளின் சட்டப்படி குறைந்தது 1.6 மில்லிமீட்டர் வேண்டும். மே தொடங்கி இங்கே பெய்யும் மழைக்கு 3 மில்லிமீட்டருக்குக் கீழே போகவிடாதீர்கள். ஆனால் தேய்மானம் எந்த இடத்தில் என்பதைக் கவனியுங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு, நடு தேய்ந்தால் காற்று அதிகம். முன் டயரில் ஒரு ஓரம் மட்டும் ரம்பம் போலத் தடவினால் கீறுகிறதா? அப்போது டயரை விட்டுவிட்டு முன் சஸ்பென்ஷனைப் பாருங்கள். மைனரில் முன் சக்கரத்தைத் தாங்கித் திரும்பவிடும் கீழ் மூட்டு (ட்ரனியன்) மரையோடு சுழலும், கிரீஸ் அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து ஒருநாள் சக்கரமே மடங்கிக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போதுதான் அதற்குப் பாரம் அதிகம்.

புதிதாகப் போட்டால் எது? மைனர் 1000க்கு வந்த அளவு முதலில் 5.00-14, பிறகு 5.20-14 கிராஸ்பிளை (உள்ளே நூல்கள் சாய்வாகக் குறுக்கிட்டு ஓடும் பழைய வகை), இப்போது பெரும்பாலும் 145 அல்லது 155 மில்லிமீட்டர் அகல ரேடியல் (நூல்கள் நேர்குறுக்கே ஓடும் இன்றைய வகை) போடுகிறார்கள். நான்கும் ஒரே வகையாக இருக்கட்டும். முன்னால் ரேடியல், பின்னால் கிராஸ்பிளை என்று ஒருபோதும் கலக்காதீர்கள், வளைவில் பின்பக்கம் முதலில் விடும். கிராஸ்பிளை வழுக்கும் முன்னரே மெல்ல அறிவிக்கும், ரேடியல் நெடுநேரம் பிடித்திருந்து திடீரென விடும். மலைக்கு எனக்கு ரேடியல்தான், ஆனால் அந்தக் குணத்தைத் தெரிந்து ஓட்ட வேண்டும். டியூப் போட்ட டயர் என்றால் டியூபையும் சேர்த்து மாற்றுங்கள்.

காற்று பற்றி ஒரு பயம் பலருக்கு உண்டு: கொழும்பில் அடித்த காற்றின் அழுத்தம் நுவரெலியாவின் 1,868 மீட்டர் உயரத்தில் ஏறிவிடுமாம். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் சுமார் 3 பி.எஸ்.ஐ. கூடக் காட்ட வேண்டியதுதான். ஆனால் நுவரெலியாவின் விடியற்காலைக் குளிர் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். கையேட்டில் உள்ள அளவை, டயர் குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள், போதும். கீழே இறங்கி வந்த சூட்டில் கேஜ் காட்டுவதைப் பார்த்துக் காற்றை இறக்காதீர்கள்.

பிடிப்பைச் சோதிக்க இறக்கம் வேண்டாம், ஏற்றமே சொல்லிவிடும். புசல்லாவை தாண்டி ரம்பொடை வளைவுகளில், ஈர ரோட்டில், கீழ் கியரில் நிதானமாக ஏறும்போது உட்பக்கப் பின் சக்கரம் சட்டென்று சுழன்றால் ரப்பர் இறுகியிருக்கலாம். வெறும் சமதளத்தில் மெதுவாகப் போய் பிரேக் அடிக்கும்போது எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால் டயரைத் திட்டாதீர்கள், அது அநேகமாக டிரம் பிரேக். யூகலிப்டஸ் இலையும் மரக்கறி லொறி கொட்டிய மண்ணும் சேர்ந்த இடத்தில் எந்த டயரும் வழுக்கும், அதை வைத்தும் முடிவு கட்ட வேண்டாம்.

கையில் இரண்டு டயருக்குத்தான் காசு என்றால், அந்த இரண்டையும் பின்னால் போட்டுக் கொஞ்ச நாள் கம்பளை, கண்டிப் பக்கம் ஓட்டுங்கள். புது டயரின் மேல் வழவழப்புப் போக முதல் சில நூறு கிலோமீட்டர் வேண்டும். மற்ற இரண்டும் வந்த பிறகு மேலே ஏறுங்கள். அப்புறம், டிக்கிக்கு அடியில் ஸ்டெப்னி இருக்கிறதே, அதன் தேதியையும் பாருங்கள். பெரும்பாலும் காரிலேயே வயதான டயர் அதுதான்.