கராஜில் தோட்டா நிரப்பி விற்கலாமா?

கேள்வி: டெக்சஸில் இருக்கிறேன். சுட்ட தோட்டாக்களின் பித்தளை உறைகளைச் சேர்த்து, புது பிரைமர் (அடி விழுந்ததும் பொறி தந்து பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி), பவுடர், குண்டு போட்டு எனக்கு வேண்டிய தோட்டாக்களை நானே பல வருடங்களாக நிரப்பிக்கொள்கிறேன். துப்பாக்கி சுடும் ரேஞ்சில் பழகிய நண்பர்கள் காசு கொடுத்து வாங்கத் தயார். கராஜிலேயே சிறு தொழிலாகத் தொடங்கலாமா? மனைவி பயப்படுகிறார்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: லைசென்ஸ் கைக்கு வரும்வரை ஒரு பெட்டிகூட விற்காதீர்கள், நெருங்கிய நண்பருக்கும்கூட. சொந்த உபயோகத்துக்கு நிரப்ப மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டாம். விற்பதற்காக நிரப்பினால், 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி நீங்கள் தோட்டா உற்பத்தியாளர். துப்பாக்கி, வெடிபொருள் விவகாரங்களைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏடிஎஃப் தரும் 'டைப் 06' லைசென்ஸ் வேண்டும். மூன்று வருடத்துக்கு 30 டாலர்தான். இந்தச் சின்னத் தொகையைப் பார்த்து மற்ற செலவும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

விற்கும் தோட்டாவுக்கு 11 சதவீத மத்திய கலால் வரி உண்டு. 1937-இன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி அந்தப் பணம் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. வருடத்துக்கு 50-க்கும் குறைவாகத் துப்பாக்கி செய்பவருக்குக் கிடைக்கும் விலக்கு தோட்டாவுக்கு இல்லை. இதை விலையில் சேர்க்காவிட்டால் கையைக் கடிக்கும்.

இவை எல்லாம் படிவம் நிரப்பினால் தீரும். எனக்குக் கவலை வேறு. உங்களுக்காக நிரப்பும்போது துப்பாக்கியும் உங்களுடையது, சந்தேகம் வந்த தோட்டாவை ஒதுக்கிவிடுவீர்கள். விற்றது யார் கையில், எந்தத் துப்பாக்கியில் வெடிக்கும் என்று தெரியாது. 9 எம்எம் தோட்டாவுக்கு வகுத்த உச்ச அழுத்தமே சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. வேகமாக எரியும் பவுடர் உறையில் பாதியைக்கூட நிறைக்காது. அதனால் தவறி இரண்டு முறை விழுந்தாலும் குண்டு ஒழுங்காக உட்கார்ந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. பவுடரே விழாவிட்டால் பிரைமரின் வலுவில் மட்டும் நகர்ந்த குண்டு குழலுக்குள் சிக்கி நிற்கும். கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கலாம். பிடித்திருந்தவர் விரல்கள் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

ஆகவே இருமுறை விழுந்தால் வழிந்து காட்டிக்கொடுக்கும் பருமனான பவுடரைத் தேர்ந்தெடுங்கள். தோட்டா நிரப்பும் இயந்திரமான பிரஸ்ஸில் பவுடர் அளவைச் சோதிக்கும் கருவியைப் பொருத்துங்கள். பெட்டிதோறும் தொகுதி எண்ணும் தேதியும் எழுதி, ஒவ்வொரு தொகுதியிலும் சில தோட்டாக்களை எடுத்து வையுங்கள். ஒரு தவறு தெரிந்தால் எந்தப் பெட்டிகளைத் திரும்ப வாங்க வேண்டும் என்று சொல்லத் தெரிய வேண்டும். துப்பாக்கித் தொழிலுக்குப் பாதுகாப்பு தரும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம், தயாரிப்புக் குறையால் வந்த காயத்துக்குக் கேடயம் ஆகாது. பொருள் பொறுப்புக் காப்பீடு இல்லாமல் இறங்கவே கூடாது.

உங்கள் மனைவியின் பயம் முழுக்க நியாயம். சுட்ட உறைகளில் பிரைமர் விட்டுச்சென்ற ஈயம் இருக்கும். அவற்றை உலர் டம்ளரில் (தண்ணீர் இல்லாமல் உறைகளை உருட்டித் தேய்க்கும் இயந்திரம்) போட்டுச் சுத்தம் செய்தால் அது தூசியாகப் பறக்கும், உடையில் ஒட்டி வீட்டுக்குள் வரும். குழந்தைகள் இருந்தால் இன்னும் ஆபத்து. தண்ணீர் முறைக்கு மாறுங்கள், வேலை உடையைத் தனியாகத் துவையுங்கள், ரத்தத்தில் ஈய அளவைச் சோதியுங்கள். தீப்பாதுகாப்பு விதிகளில் பரவலாகப் பின்பற்றப்படும் என்எஃப்பிஏ 495, வீட்டில் 10,000 பிரைமருக்கு மேல் வைக்க விடாது. அது 10,000 தோட்டாதான், தொழிலுக்குப் போதாது. கராஜை மறந்து தனி இடம் பாருங்கள். உள்ளூர் நில உபயோக விதியும் அனுமதிக்க வேண்டும்.

9 எம்எம்மில் தொழிற்சாலைகளோடு விலைப்போட்டி போடாதீர்கள், ஜெயிக்க முடியாது. கடைகளில் எளிதில் கிடைக்காத பழைய ரகங்களுக்கும், போட்டிக்குச் சுடுபவர்கள் தங்கள் துப்பாக்கிக்கு ஏற்பக் கேட்பவற்றுக்கும் நல்ல விலை கொடுக்க ஆள் உண்டு.

பிரஸ் வாங்கும் முன் காப்பீட்டு முகவரிடம் ஆண்டுத் தொகையை எழுத்தில் வாங்குங்கள். அதையும் வரியையும் இட வாடகையையும் ஒரு பெட்டிக்குப் பங்கிட்டு, அந்த விலையை நண்பர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் தயங்கினால், முன்போல உங்களுக்காக மட்டும் நிரப்புங்கள்.