ஹாட் ராட் மாடல் கார் கட்டினேன், பொம்மை மாதிரியே இருக்கிறது. எந்த டீடெயிலை முதலில் சேர்க்க வேண்டும்? விலை உயர்ந்த கருவிகள் தேவையா?

உங்கள் கேள்வியில் ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது. "எல்லா பாகத்தையும் ஒட்டிவிட்டேன், பளபளவென்று பெயின்ட்டும் அடித்துவிட்டேன், ஆனாலும் பொம்மை மாதிரியே இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் மேஜையில் இருப்பது 1/25 அளவு (நிஜ வண்டியில் 25-ல் ஒரு பங்கு) 1932 ஃபோர்டு என்று வைத்துக்கொள்கிறேன். ஹாட் ராட், அதாவது வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய கார், பக்கம் வருபவர்களில் நிறைய பேர் 'டியூஸ்' என்று செல்லமாக அழைக்கப்படும் அந்த வண்டியில்தான் ஆரம்பிக்கிறார்கள். 1/24 ஆக இருந்தாலும் கணக்கு பெரிதாக மாறாது.

நேரடியான பதில்: ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் பிளக் ஒயரில் ஆரம்பியுங்கள். ஹாட் ராடில் பானட்டைக் கழற்றிவிடுவார்கள், மட்கார்டும் இருக்காது. எஞ்சின், முன் ஆக்சில், ஸ்டியரிங் ராடு எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். பார்க்கிறவரின் கண் முதலில் எஞ்சினுக்குத்தான் போகும். ஆனால் ஒயர் போடுவதற்கு முன்னால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒயர் எவ்வளவு தடிமன், எங்கிருந்து எங்கே போகிறது. எனக்கு இரண்டுமே தெரியாமல்தான் முதல் வண்டியைக் கட்டினேன்.

அது ஐந்து ஜன்னல் கூப், மூடிய கூரையுள்ள இரண்டு கதவு வண்டி. எஞ்சின் ஃபோர்டின் பழைய ஃபிளாட்ஹெட் வி8, வால்வுகள் பிளாக்குக்குள்ளேயே இருக்கும் எட்டு சிலிண்டர் எஞ்சின். மூன்று மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கட்டினேன். வீணாய்ப் போன ஒரு சார்ஜரின் கேபிளை அறுத்து, உள்ளே இருந்த மெல்லிய ஒயர்களை எடுத்து, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில் ஒட்டி, மறுமுனையை எட்டு பிளக்குக்கும் இழுத்துவிட்டேன். சைலென்சர் பைப் பெட்டியில் வந்தது பிடிக்கவில்லை. மிச்சப் பாகங்கள் போட்டு வைத்திருக்கும் டப்பாவிலிருந்து, பக்கத்துக்கு நான்கு பைப் உள்ள ஒரு செட்டை எடுத்துப் பொருத்தினேன். சிவப்பு ஒயர், குரோம் பைப், கறுப்பு பாடி. எனக்குக் கண் நிறைந்த மாதிரி இருந்தது.

அந்த நேரத்தில் மாமனார் வீட்டுக்கு வந்திருந்தார். நாற்பது வருடம் கார் மெக்கானிக்காக வேலை பார்த்தவர். இந்த வயதில் பொம்மை வண்டியோடு உட்கார்ந்திருக்கிறானே என்று நினைப்பாரோ என்று எனக்குக் கூச்சம். உறவினர்கள் அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், உங்களுக்கும் அந்த அனுபவம் இருக்கலாம். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வண்டியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் ஒரு குச்சியால் ஒரு ஒயரைத் தொட்டுக் காட்டி, "மாப்பிள்ளை, இது எந்த சிலிண்டருக்குப் போகுது?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை.

"சும்மா அழகுக்குப் போட்டேன், மாமா" என்றேன். "அப்ப இது ஸ்டார்ட் ஆகாதே" என்றார். கேலி செய்யவில்லை. ஒரு வண்டி ஷெட்டுக்கு வந்தால் எப்படிச் சொல்வாரோ அப்படித்தான் சொன்னார். அடுத்த கேள்வி இன்னும் சரியாகப் பட்டது. "ஒயர் ஏன் இவ்வளவு மொத்தமா இருக்கு?"

அன்றைக்கு ராத்திரி அளந்து பார்த்தேன். என் ஒயர் 0.8 மில்லிமீட்டர். 25-ஆல் பெருக்கினால் 20 மில்லிமீட்டர், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய் அளவு. நிஜமான பிளக் ஒயர் அந்தக் காலத்தில் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர், 1/25-ல் 0.28 வர வேண்டும். பிளாஸ்டிக் வண்டி பொம்மையாகத் தெரிவதற்குப் பெரிய காரணம் இந்தத் தடிமன்தான் என்பது என் அழுத்தமான கருத்து. அச்சில் வார்த்த கதவுக் கைப்பிடி, வைப்பர், கண்ணாடிச் சட்டம், எதை எடுத்து அளந்தாலும் இரண்டு மூன்று மடங்கு தடிப்பாக இருக்கும். அவற்றை உப்புத்தாளில் தேய்த்து மெலிதாக்கினாலே பாதி பொம்மைத்தனம் போய்விடும். அதற்கு ஒரு கருவியும் வாங்க வேண்டாம்.

பிறகு ஃபிளாட்ஹெட்டைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். சாதாரண ஜனங்கள் வாங்கக்கூடிய விலையில் வி8 வந்ததே அந்த 1932 மாடலில்தான். சில வருடத்தில் பழைய வண்டியாகக் கைமாறியபோது, தெற்குக் கலிஃபோர்னியாவின் இளைஞர்கள் வாங்கி, மட்கார்டையும் ஹெட்லைட்டையும் கழற்றி எடையைக் குறைத்து, மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். ஹாட் ராட் அங்கேதான் உருவானது. கழற்றியது வேகத்துக்காக. இதைத் தெரிந்துகொண்டால் எந்தப் பாகத்தை மாடலில் விட்டுவிடலாம், எதை விடக்கூடாது என்பது தானாகப் புரிந்துவிடும்.

அந்த எஞ்சினின் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கத்தில், கேம்ஷாஃப்டின் நுனியில் உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து ஒயர்கள் நான்கு நான்காகப் பிரிந்து, இரண்டு பக்கமும் குழாய்க்குள் நுழைந்து, ஒவ்வொரு பிளக்குக்கும் நேராக வெளியே வருகின்றன. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் வலப்பக்கம் முன்னிருந்து பின்னாக 1 முதல் 4, இடப்பக்கம் 5 முதல் 8. ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும் வரிசை, 1-5-4-8-6-3-7-2. உங்கள் வண்டியில் செவர்லே ஸ்மால் பிளாக் எஞ்சின் இருந்தால் அதற்கு 1-8-4-3-6-5-7-2. சிலிண்டர் எண்ணும் முறையே அதில் வேறு, ஒரு பக்கம் ஒற்றைப்படை, மறுபக்கம் இரட்டைப்படை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

என்னுடைய பெரிய தப்பு சைலென்சர் பைப்பில் இருந்தது. அதை மாமனார்கூடக் கவனிக்கவில்லை, ஏனென்றால் ஃபிளாட்ஹெட்டை அவர் பிரித்துப் பார்த்ததில்லை. அந்த எஞ்சினில் பக்கத்துக்கு நான்கு சிலிண்டர் இருந்தாலும் புகை வெளியேறும் வாய் மூன்றுதான். நடுவில் உள்ள இரண்டு சிலிண்டரும் ஒரே வாயைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. நான் ஒட்டியிருந்த நான்கு பைப்பில் ஒன்று வெறும் இரும்பில் முட்டிக்கொண்டு நின்றது.

கூப்பை அப்படியே வைத்துவிட்டு, அடுத்ததாக ஒரு ரோட்ஸ்டர், நிலையான கூரையில்லாத வண்டி, ஆரம்பித்தேன். 1938-ல் மியூராக்கில் ஓடியிருக்கக்கூடிய வண்டி என்று முடிவு செய்துகொண்டேன். வருடத்தை முடிவு செய்வது ரொம்ப உதவும், அதற்குப் பிறகு வந்த எதையும் தொடவே தேவையில்லை. இரண்டு ஸ்ட்ராம்பெர்க் 97 கார்புரேட்டர், பக்கத்துக்கு மூன்று பைப். ஒயருக்கு, எரிந்துபோன ஒரு சின்ன மோட்டாரிலிருந்து வைண்டிங் கம்பியை அவிழ்த்தேன். அது 0.25 மில்லிமீட்டர், கறுப்பு பெயின்ட் பூசியதும் 0.28-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டரில் கைத்துரப்பணத்தால் (கையால் சுழற்றும் குட்டி டிரில்) 0.3 மில்லிமீட்டர் துளை எட்டு. மூன்று துளை ஊசி உடைந்தது. நீங்கள் பணம் கொடுத்து வாங்க வேண்டியது இந்தக் கைத்துரப்பணமும் ஊசிகளும், ஒரு நல்ல இடுக்கியும், புது பிளேடுகளும் மட்டும்தான். பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மாமனார் அடுத்த முறை வந்தபோது நான் எதுவும் சொல்லாமல் வண்டியை எடுத்துக் கொடுத்தேன். ஒயரை ஒவ்வொன்றாகக் குச்சியால் தொடர்ந்து பார்த்தார். பிறகு பைப்பை எண்ணினார். "நாலு சிலிண்டருக்கு மூணு பைப்பா? ஒண்ணு குறையுதே, மாப்பிள்ளை." இந்தத் தடவை என்னிடம் பதில் இருந்தது. நடு இரண்டும் ஒரே வாய் என்று விளக்கினேன். வால்வு பிளாக்குக்குள்ளேயே இருப்பதால், புகை பிளாக்கைக் குறுக்கே கடந்து, தண்ணீர் ஓடும் வழியை ஒட்டித்தான் வெளியே வருகிறது என்றும் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். "அப்ப ரேடியேட்டர் கொதிச்சுட்டே இருந்திருக்குமே" என்றார். உண்மை. அந்த எஞ்சின் சூடாகும் என்பது ஊரறிந்த குறை. பார்த்தே இராத ஒரு எஞ்சினின் குறையை, என் உள்ளங்கை நீள மாடலைப் பார்த்து ஒரு மெக்கானிக் கண்டுபிடித்தார். அந்த நிமிடத்தில் எனக்கு வந்த சந்தோஷம் எந்தப் பரிசிலும் வராது.

பரிசு என்றதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அந்த ரோட்ஸ்டரை ஒரு மாடல் போட்டிக்கு எடுத்துப் போனேன். டாங்கிகளுக்கும் போர் விமானங்களுக்கும் நடு மண்டபத்தில் நல்ல விளக்கு வெளிச்சம். கார்களுக்கு மூலையில் ஒரு மேஜை. நடுவராக வந்தவர் வண்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, முன் சக்கரத்தில் பிரேக் ஓஸ் இல்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். ஓஸ் தேவைப்படும் ஹைட்ராலிக் பிரேக்குக்கு ஃபோர்டு மாறியதே 1939 மாடலில்தான். 1932 வண்டியில் இருந்தது ராடு பிரேக். அந்த ராடுகளைக் கம்பியில் செய்து, நான்கு சக்கரத்துக்கும் இழுத்து, வண்டியின் வருடத்தையும் அட்டையில் எழுதி வைத்திருந்தேன். பணிவாகத்தான் சொன்னேன். "ஏற்கெனவே எழுதிவிட்டேன்" என்று பதில் வந்தது. தோற்றதில் வருத்தமில்லை. இல்லாத தப்புக்கு மதிப்பெண் போனதுதான் இன்னும் உறுத்துகிறது. டாங்கியில் கோளாறு வந்தால் மேலே சேறு பூசிவிடலாம், காரின் பளபளப்பில் ஒரு தூசியையும் மறைக்க முடியாது. கார் கட்டுபவர்களின் உழைப்பைக் குறைவாகப் பார்ப்பது நியாயமே இல்லை.

சரி, உங்கள் வண்டிக்கு வருகிறேன். பெயின்ட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பளபளப்பு இருந்தும் பொம்மையாகத் தெரிந்தால், பெரும்பாலும் பெயின்ட் தடிப்பாக விழுந்து கதவு இடுக்கை அடைத்திருக்கும். அடுத்த வண்டியில் பிரைமருக்கு முன்பே கத்தியின் முதுகால் அந்தக் கோடுகளை ஆழப்படுத்துங்கள். பெயின்ட்டை மெல்லிய பூச்சாகப் பல முறை அடியுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு 2000 நம்பரில் ஆரம்பித்து 12000 வரை நுண்ணிய தேய்ப்புத் துணியில் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். விளிம்பில் மட்டும் கை வைக்காதீர்கள், ஒரு இழுப்பில் பிளாஸ்டிக் தெரிந்துவிடும். நிஜக் காருக்கு விற்கும் மெட்டாலிக் பெயின்ட்டைத் தவிர்த்துவிடுங்கள். அதன் மினுக்குத் துகள் 1/25-ல் கூழாங்கல் மாதிரி தெரியும். சிவப்பு பிளாஸ்டிக்கில் வார்த்த பாடி என்றால் அந்தச் சாயம் வெளிர் நிறப் பெயின்ட்டைத் துளைத்து மேலே வரும், அடியில் ஒரு சில்வர் பூச்சு கொடுங்கள்.

குரோம் பாகங்களை ஒட்டும் இடத்தில் குரோமைச் சுரண்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பசை பிடிக்காது. அச்சுக் கோடு அசிங்கமாக இருந்தால் துணி வெளுக்கும் பிளீச்சில் ஊறப் போடுங்கள், குரோம் கரைந்துவிடும். பிறகு தேய்த்து, பளபளப்பான கறுப்பு அடித்து, அதன்மேல் குரோம் பெயின்ட். கண்ணாடிக்கு மட்டும் சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம். அதன் ஆவி பட்டுப் பனி படர்ந்த மாதிரி ஆகிவிடும். வெள்ளைப் பசை போதும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "3டி பிரின்ட்டில் ஒயர் போட்ட எஞ்சினே கிடைக்கிறதே, இவ்வளவு பாடு எதற்கு?" என்று கேட்பவர்கள் வருவார்கள். வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் மாமனார் குச்சியை வைத்துக் கேட்ட கேள்விக்கு அதை வாங்கியவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இன்னொரு பக்கம், 0.28-க்குப் பதிலாக 0.25 போட்டால் தப்பில்லையா என்று கேட்பவர்களும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசத்துக்காக யாரும் வண்டியைக் கிடப்பில் போட வேண்டாம். இதையெல்லாம் செய்யாமல் பெட்டியில் வந்ததை அப்படியே கட்டி ரசிப்பவர்களை நான் குறைத்துச் சொல்லவும் இல்லை. நீங்கள் நிஜ வண்டி மாதிரி வேண்டும் என்று கேட்டதால்தான் சொல்கிறேன்.

கட்டி முடித்த வண்டியைப் பிரிக்க வேண்டாம். ஹாட் ராடில் எஞ்சின் வெளியே இருப்பதால் இப்போதும் ஒயரை மாற்ற முடியும். எஞ்சின் தெளிவாகத் தெரியும்படி மேலிருந்து ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என்று மூன்று படம் எடுத்துக் கருத்தில் போடுங்கள். எந்த எஞ்சின், டிஸ்ட்ரிபியூட்டர் எங்கே இருக்கிறது, எந்த ஒயர் எங்கே போக வேண்டும் என்று பார்த்து எழுதுகிறேன்.