பத்து வருடப் போட்டோக்கள் இருக்கும் வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கினால் போதுமா?

போதாது. விண்டோஸ் 10, கூடவே போட்டோக்களின் காப்பி உள்ள 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் எப்போதும் சொருகியபடி என்று எழுதியிருக்கிறீர்கள். ஓட்டை அங்கேதான். ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வைரஸ்) உள்ளே வந்தால் சி டிரைவ், எக்ஸ்டர்னல் டிஸ்க் என்று பிரித்துப் பார்க்காது. எழுத முடிகிற எல்லாவற்றையும் பூட்டும். ஆன்டிவைரஸுக்கு ஒதுக்கிய பணத்தில் இன்னொரு டிஸ்க் வாங்குங்கள்.

வீட்டுப் பயனாளர்களை அதிகம் பதம் பார்த்தது 2018 முதல் சுற்றிய ஸ்டாப் என்ற ரான்சம்வேர் (டிஜேவூ என்றும் சொல்வார்கள்). பெரும்பாலும் கிராக் செய்த (காசு கொடுக்காமல் ஓட லைசென்ஸை உடைத்த) சாஃப்ட்வேரோடு வரும். 'முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்' என்று கிராக்கின் குறிப்பிலேயே இருக்கும், ஆளும் ஆஃப் செய்வார். அப்புறம் எந்த ஆன்டிவைரஸ் என்ன செய்யும்? ஃபைல் பெயர்களின் பின்னால் புதிதாக ஒரு எக்ஸ்டென்ஷன் ஒட்டிக்கொள்ளும். ஃபோல்டருக்குள் ரீட்மீ என்று ஒரு குறிப்பு ஃபைல் கிடக்கும். பல வருடம் அதில் இருந்தது: 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் என்றால் 490. விண்டோஸ் தானாக எடுத்து வைக்கும் பழைய பிரதிகளான ஷேடோ காப்பிகளையும் அழித்துவிடும். வேகத்துக்காக ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவை மட்டும்தான் பூட்டும். அதனால் பெரிய வீடியோக்களைச் சில சமயம் ரிப்பேர் டூல் வைத்து மீட்கலாம். வாட்ஸ்அப்பில் வந்த போட்டோக்கள் பலவும் மொத்தமே அவ்வளவுதான் இருக்கும். அவை முழுசாகப் போய்விடும்.

இரண்டு டிஸ்க் முறை இது. ஒன்றை வாரம் ஒருமுறை சொருகி, காப்பி முடிந்ததும் 'சேஃப்லி ரிமூவ்' கொடுத்துக் கழற்றி அலமாரியில் வையுங்கள். இன்னொன்று சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும்; இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். டிஸ்க்கை ஃபார்மட் செய்யும்போது ஃபைல் சிஸ்டமாக என்டிஎஃப்எஸ்ஸை (NTFS) தேர்ந்தெடுங்கள். இன்னொரு தேர்வான எக்ஸ்ஃபேட்டில் (exFAT) ஜர்னல், அதாவது செய்யும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவு, கிடையாது; காப்பி நடுவில் கரண்ட் போனால் ஃபோல்டர் பட்டியலே கெட்டுப்போக வாய்ப்பு அதிகம். வருடக்கணக்கில் கரண்ட் இல்லாமல் பூட்டி வைக்க எஸ்எஸ்டியை விடச் சாதாரண ஹார்ட் டிஸ்க் நல்லது. காப்பிக்கு விண்டோஸிலேயே உள்ள ஃபைல் ஹிஸ்டரி போதும். கண்ட்ரோல் பேனலில் இருக்கிறது. பழைய பதிப்புகளையும் அது வைத்துக்கொள்ளும். அப்படியே பிரதி எடுக்கும் 'மிரர்' முறை வேண்டாம்: இங்கே தப்பாக அழித்தது அங்கேயும் அழிந்துவிடும். அவ்வப்போது டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் சொருகி நாலைந்து பழைய போட்டோக்களைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத காப்பி கணக்கில் சேராது.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் இரண்டும் சிங்க்தான், அதாவது கம்ப்யூட்டரில் நடக்கும் மாற்றம் அப்படியே நெட்டிலும் நடக்கும். பூட்டிய ஃபைலும் அங்கே ஏறும். பழைய பதிப்பை மீட்க வழி உண்டு, ஆனால் கெடு உண்டு; கூகுள் டிரைவ் குப்பைத் தொட்டியில் 30 நாள்தான்.

விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸே வீட்டுக்குப் போதும். அதில் 'கண்ட்ரோல்ட் ஃபோல்டர் ஆக்சஸ்' என்று ஒன்று ஆஃபிலேயே கிடக்கும். விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் ரான்சம்வேர் புரொடெக்‌ஷன் போய் ஆன் செய்யுங்கள். அறியாத புரோகிராம் எதுவும் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸில் கைவைக்க முடியாது. தொல்லையும் உண்டு: போட்டோ எடிட்டரில் சேவ் ஆகாமல் முரண்டு பிடிக்கும், 'அலோ அன் ஆப்' வழியாக அதை அனுமதிக்க வேண்டும். வேறு ஆன்டிவைரஸ் போட்டால் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும், இந்த வசதியும் அதோடு போகும். காசு கொடுத்து ஒரு பூட்டைக் கழற்றுவது போலத்தான்.

விண்டோஸ் 10க்கு வழக்கமான பேட்ச் (பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்) 2025 அக்டோபர் 14 அன்று நின்றுவிட்டது. அதன் பிறகும் பாதுகாப்பு அப்டேட் தரும் மைக்ரோசாஃப்டின் இஎஸ்யூ (ESU) திட்டத்தில் சேருங்கள், இல்லையென்றால் 11க்கு மாறுங்கள்.

ஒருவேளை மாட்டிக்கொண்டால் முதலில் நெட்டைப் பிடுங்குங்கள், டிஸ்க்கைக் கழற்றுங்கள். கிராக்கோடு பாஸ்வேர்டு திருடும் புரோகிராமும் வருவது வழக்கம். பிரவுசரில் சேமித்தவை போய்விட்டன என்றே வைத்துக்கொண்டு, வேறு போனிலிருந்து ஜிமெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை மாற்றி எல்லா டிவைஸிலும் லாகவுட் கொடுங்கள். அவசரப்பட்டு ஃபார்மட் செய்யாதீர்கள். பூட்டிய ஃபைல்களையும் ரீட்மீயையும் தனியாக எடுத்து வையுங்கள். ஸ்டாப் என்றால் அந்த ரீட்மீயில் உள்ள ஐடி 't1' என்று முடிகிறதா பாருங்கள். அப்படி முடிந்தால் ஆஃப்லைன் கீ, அதாவது பலருக்கும் பொதுவான கீயால் பூட்டியிருக்கிறது. அந்தக் கீ ஆய்வாளர்களுக்குக் கிடைத்திருந்தால் எம்சிசாஃப்ட் (Emsisoft) என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் இலவச டூல் திறந்துவிடும். இன்று கிடைக்காத கீ பிறகு கிடைக்கவும் கூடும்.