கண்ணுக்குத் தெரியாததை எப்படி எண்ணி வாங்குவது?

கேள்வி: அன்புள்ள அக்கா, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்ட நிறுவனத்தில் 11 ஆண்டுகளாகக் கொள்முதல் பிரிவில் வேலை செய்கிறேன். உரம், களைக்கொல்லி, கையுறை, டயர் என்றால் தூக்கத்தில் கேட்டாலும் விலை சொல்வேன். மூன்று மாதங்களுக்கு முன் மேலாளர் என்னை அழைத்து, மென்பொருள், இணையம், காவலர் சேவை எல்லாவற்றையும் இனி நீயே பார்த்துக்கொள் என்று ஒப்படைத்துவிட்டார். ஆலையில் லாரிகளை எடை போடும் நிறுவை மேடைக்கும் சம்பளக் கணக்குக்கும் புதிய மென்பொருள் வாங்க வேண்டும். ஒருவர் தொடக்கத்தில் 18,000 ரிங்கிட், மாதம் 600 என்கிறார். இன்னொருவர் தொடக்கத்தில் 4,000 போதும், மாதம் 1,150 என்கிறார். காவலர் சேவைக்கும் விலை கேட்டிருக்கிறேன். எதுவானாலும் குறைந்த விலைக்கே கொடுத்துவிடு என்கிறார் மேலாளர். இதில் இன்னொரு சிக்கல். இப்போதைய மென்பொருளைத் தந்திருப்பவர் என் சித்தப்பா மகன், எனக்கு அண்ணன் முறை. பழைய கணக்குகளை எடுத்துத் தர 15,000 ரிங்கிட் கேட்கிறார். அவரை விட்டு விலகினால் இந்தச் சின்ன ஊரில் எப்படி முகத்தில் விழிப்பது? மூட்டையாக இருந்தால் எண்ணி வாங்கிவிடுவேன். இதை எப்படி வாங்குவது?
– பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: அன்புத் தங்கைக்கு, உர லாரி வந்து நின்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அங்கொன்றும் இங்கொன்றுமாக நான்கைந்து மூட்டைகளை இறக்கித் தராசில் வைப்பீர்கள். ஒரு பிடி உரத்தைப் பையில் போட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவீர்கள். மூட்டையில் அச்சிட்ட அளவுக்கு உள்ளே சத்து இருக்கிறதா என்று தெரிந்த பிறகுதான் பணத்துக்குக் கையெழுத்து போவது வழக்கம். மென்பொருளையும் காவலர் சேவையையும் அதே கையால்தான் வாங்க வேண்டும். இங்கே எண்ண வேண்டியவை மணி நேரம், பதிவு, ஆள் ஆகியவை. எண்ண முடியாத எதையும் ஒப்பந்தத்தில் எழுத விடாதீர்கள். “சிறந்த சேவை வழங்கப்படும்” என்ற வரியை எந்தத் தராசிலும் வைக்க முடியாது.

முதலில் அந்த விலைப்பட்டியல்களை மூடி வைத்துவிடுங்கள். ஒரு முழு நாள் நிறுவை மேடைக் கூண்டில் போய் உட்காருங்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஓர் ஆலையில் அப்படி உட்கார்ந்தேன். நிறுவைக் கிராணியின் (எழுத்தரின்) கணினிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் இருந்தது. லாரி எண், செம்பனைக் குலையோடு உள்ள எடை, வெறும் லாரியின் எடை என எல்லாவற்றையும் நீல மையால் மறுபடியும் அதில் எழுதிக்கொண்டிருந்தார். கணினியில்தான் பதிவாகிறதே, எதற்கு இது என்று கேட்டேன். “மழை பெய்தால் லைன் போய்விடும் அக்கா. திரும்பி வரும்போது கடைசி மூன்று லாரி காணாமல் போயிருக்கும்” என்றார். அந்த நோட்டுப் புத்தகம் இரண்டு ஆண்டுகளாக அங்கே இருந்திருக்கிறது. அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது, மென்பொருள் விற்றவருக்கும் தெரியாது.

வாங்கப் போவது என்ன என்பது அப்படிப்பட்ட நோட்டில்தான் இருக்கும். “இணையம் அறுந்தாலும் எடை பதிவாக வேண்டும், இணைப்பு திரும்பியதும் ஒரு லாரியும் விடுபடாமல் தலைமையகக் கணக்கில் சேர வேண்டும்” என்று எழுதுங்கள். இதை எண்ண முடியும். விற்பவர் முன்னிலையில் கம்பியைப் பிடுங்கிவிட்டு, பத்து லாரிகளை நிறுத்துப் பார்த்து, மறுபடி செருகிப் பத்தும் வந்து சேர்ந்தனவா என்று பார்க்க முடியும். இதேபோல் தொழிலாளர்கள் வேலைக்குக் கூடும் பிரட்டுக் களத்தில் விடியற்காலையில் நின்று, மண்டோர் (மேற்பார்வையாளர்) ஆள் கணக்கு எடுப்பதையும் பாருங்கள். ஒரே பெயரில் மூன்று தொழிலாளர்கள் இருப்பார்கள். கடப்பிதழ் புதுப்பித்ததில் எண் மாறிய ஒருவர் இருப்பார். தோட்டத்துக்குள் டிவிஷன் (பிரிவு) மாறியும் பழைய டிவிஷனில் சம்பளம் எழுதப்படுபவரும் இருப்பார். குளிரூட்டிய அறையில் விற்பவர் காட்டும் மாதிரிக் கணக்கில் இவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். உங்களுடைய மிகச் சிக்கலான மாதத்தின் கணக்கைக் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தேர்ந்தெடுத்த பிறகும் ஒரே ஒரு டிவிஷனில், ஒரு மாதம், பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும். இரண்டு சம்பளச் சீட்டுகளும் சென் வரை பொருந்தினால்தான் அடுத்த டிவிஷன்.

இனி மணி நேரத்துக்கு வருகிறேன். “99 விழுக்காடு நேரம் இயங்கும்” என்று எழுதித் தருவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். 30 நாள் மாதத்தில் 720 மணி நேரம்; அதில் ஒரு விழுக்காடு 7 மணி 12 நிமிடம். அறுவடை உச்சத்தில் ஒரே நாளில் ஏழு மணி நேரம் நிறுவை நின்றால் லாரிகள் வாசலுக்கு வெளியே சாலை வரை நிற்கும். வெட்டிய குலை காத்திருக்கக் காத்திருக்க எண்ணெயில் அமிலம் ஏறும், தரம் இறங்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 99.5 என்றால் 3 மணி 36 நிமிடம், 99.9 என்றால் சுமார் 43 நிமிடம். எத்தனை மணி நேரத்தை உங்கள் ஆலை தாங்கும் என்று ஆலை மேலாளரிடம் கேட்டு, அந்த எண்ணை நீங்கள் விற்பவருக்குச் சொல்லுங்கள். அவர் எண்ணை நீங்கள் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு சொல்லிலும் கவனம் வேண்டும். “நான்கு மணி நேரத்தில் பதில்” என்பது வேறு, “நான்கு மணி நேரத்தில் சரிசெய்தல்” என்பது வேறு. தொலைபேசியை எடுத்து “பார்க்கிறோம்” என்றாலே பதில் தந்ததாகிவிடும். ஆள் ஈப்போவிலிருந்து வருவாரா, கோலாலம்பூரிலிருந்து வருவாரா, ஞாயிற்றுக்கிழமை வருவாரா, தாமதமானால் அந்த மாதக் கட்டணத்தில் எவ்வளவு கழியும் என்பதையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

விலைக்கு வருவோம். மேலாளர் கண்ணில் 4,000தான் குறைவு. ஐந்து ஆண்டுக்குப் போட்டுக் காட்டுங்கள். முதலாமவருக்கு 18,000, மாதம் 600 வீதம் 60 மாதங்களுக்கு 36,000, மொத்தம் 54,000. இரண்டாமவருக்கு 4,000, அதோடு 69,000, மொத்தம் 73,000. குறைந்த விலை என்று நினைத்தது 19,000 ரிங்கிட் கூடுதல். முதலாமவரிடமே வாங்குங்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. இருவரிடமும் பயிற்சிக்கு எவ்வளவு, ஓர் அறிக்கையை மாற்றித் தர எவ்வளவு, ஆண்டுக்கு எத்தனை விழுக்காட்டுக்கு மேல் கட்டணம் ஏறாது என்று எழுத்தில் கேளுங்கள். 2024 மார்ச் 1 முதல் பெரும்பாலான சேவைகளுக்குச் சேவை வரி 8 விழுக்காடு. சொன்ன விலை வரியோடா, வரி இல்லாமலா என்பதையும் கேட்டு வையுங்கள். இ-இன்வாய்ஸ் (வரி வாரியத்துக்கு இணையம் வழி அனுப்பும் விற்பனைப் பட்டியல்) வந்துவிட்டது, எங்கள் மென்பொருள் இல்லாமல் முடியாது என்று யாராவது அவசரப்படுத்தினால் அஞ்ச வேண்டாம். உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளம் இலவசம். அனுப்ப வேண்டிய இன்வாய்ஸ்கள் அதிகமாக இருந்தால் மென்பொருளிலிருந்து நேரடி இணைப்பு வசதியாக இருக்கும். ஆனால் அவசரத்தில் கையெழுத்துப் போட அது காரணம் ஆகாது.

காவலர் சேவையைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மனம் அங்கேதான் நிற்கிறது. ஒரு வாசலுக்கு இரவும் பகலும் காவல் என்றால் மாதம் 720 மணி நேரம். 2025ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 ரிங்கிட், மணிக்கு 8.72. பெருக்கினால் 6,278 ரிங்கிட். மிகைநேரம், சேமநிதி, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா), சீருடை, நிறுவனத்தின் லாபம் எதுவும் இதில் சேரவில்லை. யாராவது ஒரு வாசலுக்கு 5,000 ரிங்கிட் என்று விலை கொடுத்தால், குறைகிற பணத்தைத் தருபவர் அந்தக் கூண்டில் உட்கார்ந்திருக்கும் மனிதர்தான். நம் தாத்தா பாட்டிகள் பால்மரத் (ரப்பர்) தோட்டத்தில் எதற்காகத் தொழிற்சங்கம் சேர்த்தார்கள் என்பது தெரிந்த வீட்டிலிருந்து வந்தவர் நீங்கள். அந்த விலைப்பட்டியலை ஒதுக்கி வைக்க அந்தக் கணக்கு ஒன்றே போதும்; மேலாளரிடம் அதையே காட்டுங்கள். ஒப்பந்தத்தில் மாதந்தோறும் சம்பளச் சீட்டின் நகலும் சேமநிதி கட்டிய ரசீதும் வந்தால்தான் பணம் என்று எழுதுங்கள். உள்துறை அமைச்சின் உரிமத்தைக் கையில் வாங்கி, காலாவதித் தேதியைப் பாருங்கள்.

பழைய கணக்குகளைப் பற்றி. எடையும் வருகையும் சம்பளமும் உங்கள் நிறுவனத்தின் கணக்குகள். வருமான வரிக்குரிய ஆவணங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டிய கடமையும் உங்கள் நிறுவனத்துக்குத்தான். ஆகவே பழைய ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து, விலகும்போது கணக்குகளைத் தருவது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள். ஒன்றும் எழுதியிருக்காது என்றுதான் நினைக்கிறேன், பெரும்பாலும் அப்படித்தான். எடுத்துத் தருவது வேலைதான், வேலைக்குக் கூலி கேட்பது நியாயம். எத்தனை நாள் வேலை, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். 15,000 என்ற ஒற்றை எண்ணுக்கு விலை பேசாதீர்கள். எந்தக் கணினியிலும் திறக்கும் சாதாரண அட்டவணைக் கோப்பாக வாங்கி, வேறொரு கணினியில் திறந்து, பழைய சம்பளச் சீட்டுகள் இருபதை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகு பணம் கொடுங்கள். தொழிலாளர்களின் கடப்பிதழ் நகலும் வங்கிக் கணக்கு எண்ணும் யார் யார் கணினியில் இருக்கின்றன என்றும் கேளுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில், 2025 ஜூன் 1 முதல், தகவல் கசிந்து அதனால் பெரிய பாதிப்பு நேரக்கூடுமானால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்கு அறிவிக்க வேண்டும். அந்தப் பொறுப்பு உங்கள் நிறுவனத்தின் தலையில் விழும்.

புதிய ஒப்பந்தத்தில் இதையே முதல் பக்கத்தில் எழுதுங்கள்: எந்த நாளில் விலகினாலும் இத்தனை நாளில், இந்த வடிவில், இந்தக் கூலிக்குக் கணக்குகள் திரும்ப வேண்டும். கல்யாணப் பேச்சில் பிரிவைப் பேசுவதுபோல் சங்கடமாக இருக்கும். பேசிவிடுங்கள். நான் ஒருமுறை பேசாமல் விட்டேன். 90 நாளுக்கு முன் எழுத்தில் சொல்லாவிட்டால் ஒப்பந்தம் தானாக ஓராண்டு நீளும் என்று பதினேழாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. நான் சொன்னது 71 நாளுக்கு முன். யாரும் திறந்துகூடப் பார்க்காத ஒரு மென்பொருளுக்கு எங்கள் நிறுவனம் இன்னும் ஓராண்டு பணம் கட்டியது. அன்றிலிருந்து ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே அந்தத் தேதியைச் சுவர் நாள்காட்டியில் சிவப்பு மையில் எழுதிவிடுவேன்.

இனி அண்ணன். இதில் உங்களுக்கு நான் சொல்வது கொஞ்சம் கடினமாக இருக்கும். முறைப்படி எல்லோருக்கும் விலை கேட்டுக் கடிதம் போகும் முன்பே, இவர் எனக்கு உறவு என்று மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். வரும் விலைப்பட்டியல்களுக்கு மதிப்பெண் போடுவதில் உங்கள் கை இருக்கக் கூடாது. ஆலை மேலாளர், கணக்காளர், தோட்ட அலுவலகத்திலிருந்து ஒருவர் என மூவர் போடட்டும். எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை உறையைப் பிரிக்கும் முன்பே தீர்மானித்து எழுதி வைக்கட்டும். மேலாளரின் “குறைந்த விலை” என்ற ஆசைக்கும் அதில் ஓர் இடம் இருக்கட்டும், ஆனால் அது மட்டும் வேண்டாம். தீபாவளிக் கூடை, இரவு விருந்து எதுவும் இந்த மாதங்களில் வேண்டாம். ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவு 2020 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வியாபாரத்தைப் பெறக் கையூட்டு கொடுத்தால் கொடுத்தவரோடு அவருடைய நிறுவனமும் குற்றவாளி ஆகலாம். அபராதம் குறைந்தது கையூட்டின் பத்து மடங்கு அல்லது 10 லட்சம் ரிங்கிட், எது கூடுதலோ அது. நீங்கள் கூடையைத் திருப்பி அனுப்புவது அனுப்பியவருக்கும் நல்லது.

அண்ணனை ஒதுக்க வேண்டாம். மற்றவர்களுக்குப் போகும் அதே பக்கங்கள் அவருக்கும் போகட்டும், அதே கம்பியைப் பிடுங்கி அவரும் காட்டட்டும். எந்தக் கிராணி எந்த நேரத்தில் என்ன கேட்பார் என்று தெரிந்தவர் அவர்; நியாயமான விலையோடு வந்தால் அவரே தேறினாலும் தேறலாம். ஆனால் கடிதம் அவர் கைக்குப் போகும் முன் நீங்களே அவர் வீட்டுக்குப் போங்கள். அண்ணியும் இருக்கட்டும். மதிப்பெண் போடப் போவது நான் இல்லை, உங்களுக்காக நான் ஒரு வார்த்தையும் பேசப் போவதில்லை, உங்களுக்கு எதிராகவும் பேசப் போவதில்லை என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அந்த 15,000 பேச்சை மட்டும் அன்று எடுக்காதீர்கள். அது அலுவலகத்தில், கணக்காளரும் இருக்கும்போது பேச வேண்டியது.